படகைக் கொண்டு வாங்கோ அத்தான்

(திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு வெல்டிங் கடை. கணேஸ் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பிளேன்டி குடிக்கிறான். அக்காவின் கணவர் நடராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறார். ஐப்பசி பிறந்துவிட்டது, கடல் இன்னும் பொங்கவில்லை. அவருடைய அவசரமெல்லாம் அதனால்தான்.)

நடராசா: மச்சான், ஒரு ட்ரெய்லர் வேண்டும். புதுசு.

கணேஸ்: ஆருக்கு அத்தான்?

நடராசா: எனக்கா ட்ரெய்லர்? படகுக்குத்தான். வாடைக்காற்று தொடங்கினால் திருக்கடலூர்க் கரையில் ஒன்றும் மிஞ்சாது. உட்துறைமுகப் பக்கம் கொண்டுபோய் விட்டால் தை மாசம் வரைக்கும் அங்கேயே தொழில் பார்க்கலாம்.

கணேஸ்: அது வருசா வருசம் நடக்கிறதுதானே. பழைய ட்ரெய்லருக்கு என்ன?

நடராசா: ஒன்றுமில்லை. ஒரு சில்லு கழன்றுவிட்டது.

கணேஸ்: பூட்டலாமே.

நடராசா: பூட்டுவதற்கு அச்சு வேண்டுமே. அது முதலே முறிந்துவிட்டது.

கணேஸ்: சரி, அச்சை மாற்றினால்?

நடராசா: அச்சைப் பிடித்து வைக்க அடிச்சட்டம் வேண்டுமே.

(போனை எடுத்துப் படம் காட்டுகிறார். கணேஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறான். பிறகு சிறிதாக்கிப் பார்க்கிறான். எப்படிப் பார்த்தாலும் அது அப்படியே இருக்கிறது.)

கணேஸ்: அத்தான், இதில் ஒரு சில்லு மொறிஸ் மைனர் காருடையது.

நடராசா: ஓம்.

கணேஸ்: மற்றது மோட்டார் சைக்கிளுடையது.

நடராசா: அதனால்தான் படகு எப்பவும் பேருந்து நிலையப் பக்கம் சாய்ந்துகொண்டு போகும்.

கணேஸ்: தண்ணீர்க் குழாயில் அடிச்சட்டம்! இதை வெல்டிங் செய்தவனின் கையைப் பிடித்து...

நடராசா: மாமா.

கணேஸ்: என்ன?

நடராசா: உன் அப்பா. 2005இல். சுனாமிக்குப் பிறகு ஒருவர் படகு தந்தார், இன்னொருவர் எஞ்சின் தந்தார், மூன்றாவது ஆள் வலை தந்தார். ட்ரெய்லரை ஒருவரும் நினைக்கவில்லை. மாமாதான் இருந்த சாமானை வைத்து ஒரு ராத்திரியில் செய்து தந்தார்.

(கணேஸ் படத்தை மறுபடி பார்க்கிறான்.)

கணேஸ்: அப்பாவின் வேலை அப்பாவின் வேலைதான். பாவித்தவர்களுக்குத்தான் பாவிக்கத் தெரியவில்லை.

நடராசா: நான் என்ன செய்தேன்?

கணேஸ்: தண்ணீருக்குள் இறக்கிவிட்டு வந்தபின் பேரிங்குக்குக் கிறீஸ் வைத்தீர்களா?

நடராசா: கடலுக்குள் போகிற சாமானுக்கு எதற்குக் கிறீஸ்? அதுதான் நன்றாகக் கழுவுப்படுகிறதே.

கணேஸ்: அங்கேதான் பிழை. வீதியால் ஓடி வரும்போது சில்லின் நடுக்கட்டை சூடாகும். அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கி உப்புத் தண்ணீரை இழுக்கும். கிறீஸ் போய்த் துரு வரும். கரைக்கு வந்ததும் கொஞ்சம் ஆற விட்டுத்தான் இறக்க வேண்டும்.

நடராசா: நாங்கள் ஆற விட்டோமே. போன வருசம் பேருந்து நிலையத்தடியில் அரை மணித்தியாலம்.

கணேஸ்: ஏன் அங்கே?

நடராசா: படகு நிழல் தருகிறது என்று டவுனுக்குள் திரிகிற மானில் இரண்டு வந்து அடியில் படுத்துவிட்டது. சனம் சுற்றி நின்று போட்டோ எடுக்குது. விரட்டினால் எங்களைத்தான் ஏசுவார்கள்.

கணேஸ்: அது சரி. புதுசை நான் ஒழுங்காகச் செய்து தருகிறேன். படகு எவ்வளவு நீளம்?

நடராசா: 18 அடி.

கணேஸ்: எடை?

நடராசா: எட்டுப் பேர் தூக்குவோம்.

கணேஸ்: கிலோவில் சொல்லுங்கோ.

நடராசா: நன்றாகச் சாப்பிட்டவர்கள் என்றால் ஆறு பேர்.

கணேஸ்: (சுவரில் சோக்கால் எழுதுகிறான்) படகை 350 என்று வைப்போம். பழைய ஃபைபர், பின்பலகை மரம் தண்ணீர் குடித்திருக்கும். எஞ்சின் ஒரு 50. மண்ணெண்ணெய் 25 லீற்றர், அது 20 கிலோ. வலை, கயிறு, நங்கூரம் எல்லாம் சேர்த்து 80. மொத்தம் 500. இதில் பத்தில் ஒரு பங்கு, 50 கிலோ, முன்கொக்கியில் அழுத்த வேண்டும். அது குறைந்தால் ட்ரெய்லர் வீதியில் ஆடும், முன்பக்கம் எழும்பும்.

நடராசா: எழும்பினதே! லேண்ட்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு மெசின், ஓட்டி வந்த பொடியன் ட்ரெய்லர் முன்பலகையில் இருந்தபடிதான் ஓட்டினான். அது வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. வெற்றிலை வாங்க இறங்கினான். படகு பின்பக்கம் குந்திவிட்டது. லேண்ட்மாஸ்டர் மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நின்றது.

கணேஸ்: பார்த்தீர்களா?

நடராசா: இப்பத்தான் விளங்குது மச்சான். அந்த 50 கிலோதான் வெற்றிலை வாங்கப் போயிருக்குது.

கணேஸ்: இந்த முறை அச்சைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பூட்டுவோம். அப்ப ஆர் இறங்கினாலும் படகு அசையாது. பின்னால் லைட் இருந்ததா?

நடராசா: ஓம். சின்னவன் டோர்ச்சோடு இருந்தான்.

கணேஸ்: லைட்டும் போடுவோம். ஆனால் தண்ணீரில் இறக்க முதல் வயரைக் கழற்ற வேண்டும். சின்னவனையும் இறக்குங்கோ.

நடராசா: எல்லாம் சரி. நல்ல தடித்த பெட்டிக்குழாயில் செய். அழகாக இருக்கும்.

கணேஸ்: வேண்டாம். பெட்டிக்குழாய்க்குள் உப்புத் தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை. வெளியில் பெயின்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்னும். திறந்த சட்டம்தான் நல்லது, நல்ல தண்ணீர் அடித்துக் கழுவலாம். வெட்டி, ஓட்டை போட்டு, பற்ற வைத்து முடித்தபின் கெல்வனைஸ் பண்ணக் கொழும்புப் பக்கம் அனுப்புவேன். 450 பாகை சூட்டில் உருகின துத்தநாகத்தில் முழுதாக முக்கி எடுப்பார்கள்.

நடராசா: கொழும்புக்கா? படகே அந்தப் பக்கம் போனதில்லை. ட்ரெய்லர் மட்டும் ஊர் பார்க்கப் போகுதா?

கணேஸ்: திரும்பி வந்தபின் இன்னொரு கொளுக்கி வை என்று நிற்கக் கூடாது. பற்ற வைத்தால் அந்த இடத்துப் பூச்சு எரிந்துவிடும். என்ன வேண்டுமோ இப்பவே சொல்லிவிடுங்கோ.

நடராசா: குடை பிடிக்க ஒரு குழாய்.

கணேஸ்: அத்தான்!

நடராசா: சரி, விடு.

கணேஸ்: முக்கியமான விசயம், படகின் அடி உட்காருகிற நீட்டுப் பலகை இரண்டும். பழைய ஃபைபரை நாலு உருளையில் நிறுத்தினால் பாரம் முழுக்க நாலு இடத்தில் விழும், வெடிக்கும். நீட்டுப் பலகை என்றால் பாரம் பரவும். பின்பலகைக்கு நேர் கீழேயும் தாங்க வேண்டும், எஞ்சின் தொங்குவது அங்கேதான். பலகையின் சரிவு அடியின் சரிவோடு பொருந்தாவிட்டால் இவ்வளவும் வீண். அதனால் படகைக் கொண்டு வாங்கோ, அளவெடுப்போம்.

நடராசா: எங்கே கொண்டு வர?

கணேஸ்: இங்கேதான்.

நடராசா: எதில் கொண்டு வர?

கணேஸ்: ட்ரெய்லரில்... (நிறுத்துகிறான்.)

நடராசா: சொல்லு, சொல்லு.

கணேஸ்: ஆட்டோவில் கட்டி இழுத்தால்?

நடராசா: எட்டுப் பேர் தூக்குகிற படகை மூன்று சில்லு இழுக்குமா? ட்ரெய்லர் இருந்தால் படகைக் கொண்டு வருவேன். படகு வந்தால் நீ ட்ரெய்லர் செய்வாய். நல்ல ஏற்பாடு மச்சான். அடுத்த வாடைக்குள் முடியும்.

கணேஸ்: சரி, நானே வருகிறேன். மட்டை வைத்திருக்கிறீர்களா? பெரிய ஃபிரிட்ஜ் வந்த மட்டைப்பெட்டி மாதிரி?

நடராசா: உன் அக்கா பெட்டியைக் கூட எறியமாட்டாள். கட்டிலுக்குக் கீழே இருக்குது.

கணேஸ்: அதை எடுத்து வையுங்கோ. பின்பலகையில் ஒன்று, நடுவில் ஒன்று, முன்பக்கம் அணியத்துக்குக் கிட்ட ஒன்று. மூன்று இடத்திலும் அடியின் வளைவுக்கு மட்டையை வெட்டி எடுத்தால் படகு இங்கே வரத் தேவையில்லை. வளைவு வந்தால் போதும்.

நடராசா: இதை முதலே சொல்லியிருக்கலாமே. சரி, விலைக்கு வா. பழையதை எடுத்துக்கொண்டால் எவ்வளவு குறைப்பாய்?

கணேஸ்: அதை இங்கே கொண்டு வந்து போட்டால் ஐயாயிரம் கூட்டுவேன்.

நடராசா: அப்ப நான் விற்றது நல்லதுதான்.

கணேஸ்: விற்றாச்சா! அதையும் காசு கொடுத்து வாங்கினானா? எந்த மடையன்?

நடராசா: அப்படிச் சொல்லாதே. உன் தம்பி.

கணேஸ்: ரவியா?

நடராசா: ஓம். தேங்காய் ஏற்றப் போகிறானாம். நான் ஒளிக்கவில்லை. சில்லு இல்லை, அச்சு இல்லை, சட்டமும் போய்விட்டது என்று எல்லாம் சொன்னேன். "பரவாயில்லை அத்தான், அண்ணா சும்மா செய்து தருவான்" என்றான். நாளைக்கு இங்கேதான் கொண்டு வருகிறான்.

(கணேஸ் கறுப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்குகிறான். வெல்டிங் ஒன்றும் நடக்கவில்லை.)

நடராசா: (மடியிலிருந்து காசை எடுத்து) இந்தா, அட்வான்ஸ். எண்ணிப் பார். காலையில் அவன் தந்த காசுதான், ஒரு தாளும் எடுக்கவில்லை.