மாலை ஏழு மணிக்கு முன்பே தொடங்கும் சமையல்

மளிகைச் செலவு கையைக் கடிக்கிறது என்று புலம்புகிறவரிடம் "வீட்டிலேயே சமையுங்கள்" என்று சொல்லிவிடுவது சுலபம். வேலை முடிந்து ஏழு மணிக்குப் பசியோடு கதவைத் திறப்பவருக்கு அந்த அறிவுரையால் என்ன பயன்? சமைக்கத் தெரியாமலா அவர் சூடாக்கினால் போதும் என்ற பொட்டலத்தைப் பிரிக்கிறார்? அடுப்பருகே நிற்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். பணம் மிச்சமாக வேண்டுமென்றால், அந்த ஏழு மணிக்குள் பாதிச் சமையல் முடிந்திருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின.

கொண்டைக்கடலையில்தான் கண் திறந்தது. வேகவைத்து டின்னில் அடைத்ததை வாரம் தவறாமல் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நீரை வடித்துவிட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். 400 கிராம் டின்னில் கடலை 240 கிராம்தான், மீதி தண்ணீர். (ஏமாற்று இல்லை. வடித்த எடையும் அதே டின்னில் சிறிய எழுத்தில் இருக்கிறது, நான்தான் படித்ததில்லை.) அடுத்த வாரம் உலர்ந்த கடலை 100 கிராமை இரவு முழுவதும் ஊறவைத்து, வேகவைத்து நிறுத்தேன். இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. இத்தனை நாளும் தண்ணீரைச் சுமந்து வந்திருக்கிறேன்!

இப்போது அரை கிலோவாக வேகவைத்து, ஒரு வேளைக்கு வேண்டிய அளவில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். ஊறுவது நான் தூங்கும்போது நடக்கிறது. ராஜ்மா என்றால் மட்டும் கவனம் தேவை: ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் படுத்திவிடும்.

நறுக்கி விற்கும் காய்கறிதான் எனக்கு மிகவும் ஆற்றாமை தருவது. வெட்டுப்பட்ட இடமெல்லாம் ஈரம் வெளியேறும், கிருமி உள்ளே போகும். முழுக் காயைவிடச் சீக்கிரம் அழுகுவதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். கை வலியால் கத்தி பிடிக்க முடியாதவர்கள் வாங்கட்டும்; அவர்களுக்கு அது தேவை. உறைய வைத்த பட்டாணியை நானே வாங்குகிறேன். ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு மீதியை மூடி வைக்கலாம், ஒரு பட்டாணிகூட வீணாகாது.

வீணாவதுதான் வீட்டுச் சமையலின் எதிரி. ஆசையாகச் சமைத்து, மறந்து, குப்பையில் கொட்டினால் பொட்டலமே மலிவு. குளிர்பதனப் பெட்டி 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருந்தால் சமைத்தது மூன்று நான்கு நாள் தாங்கும்; ஆகவே ஒவ்வொரு டப்பா மூடியிலும் தேதி எழுதி ஒட்டுகிறேன்.

ஃப்ரீசரில் "கடலை, செவ்வாய்" என்று எழுதிய டப்பா இருந்தது. இன்று காலையிலேயே அதைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்துவிட்டேன். மாலையில் வெங்காயமும் தக்காளியும் வதக்கினால் இருபது நிமிடத்தில் சாப்பாடு.