எச்2 கணிதத்தில் ‘ஏ’ பெற்றால் மட்டும் போதாது

தொடக்கக் கல்லூரியில் எச்2 கணிதத்தில் (சிங்கப்பூர் ‘ஏ’ நிலைத் தேர்வுக்கான கணிதப் பாடம்) ‘ஏ’ பெற்றவருக்குப் பல்கலைக்கழக முதலாண்டுக் கணிதம் வெறும் மறுபார்வைதான் என்றும், கணினி இருக்கும்போது நிரூபணம் கற்கத் தேவையில்லை என்றும் நண்பர் கூறியிருப்பது சரியன்று. பிள்ளைகள் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

2017 முதல் தேர்வுக்கு வந்த 9758 என்ற குறியீடுடைய எச்2 கணிதப் பாடத்திட்டத்தில், எண்களை அட்டவணையாக அடுக்கும் அணிகளும் (matrices) இல்லை, ஒரு கூற்று எல்லா இயல் எண்களுக்கும் பொருந்தும் என்று படிப்படியாக நிறுவும் கணிதத் தொகுத்தறிதலும் (induction) இல்லை. அவை ஃபர்தர் மேத்தமேட்டிக்ஸ் என்ற தனிக் கணிதப் பாடத்தில்தான் இருக்கின்றன. அதை எடுப்போர் குறைவு. ஆனால் பொறியியலோ கணினியியலோ படிக்கச் செல்பவர், அணிகளை அடித்தளமாகக் கொண்ட நேரியல் இயற்கணிதத்தைத் தொடக்கத்திலேயே எதிர்கொள்கிறார்.

கணினி குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று நீளும் தொடரில் முதல் பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டினாலும் விடை 14.4-ஐ எட்டுவதில்லை, திரையை மட்டும் பார்க்கும் மாணவர், கூட்டுத்தொகை எங்கோ நின்றுவிடும் என்றே நம்புவார். உண்மையில் 1/3, 1/4 இரண்டும் சேர்ந்து அரையை மிஞ்சுகின்றன, அடுத்த நான்கு உறுப்புகளும் மிஞ்சுகின்றன, அதற்கடுத்த எட்டும் அப்படியே. இப்படி அரையை மிஞ்சும் கூட்டங்கள் முடிவின்றி வருவதால் அத்தொடர் எந்த எண்ணையும் தாண்டி வளரும். 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஓரேம் காட்டிய இந்தச் சிறிய வாதத்தை மாணவர் தாமே எழுதி, ஒவ்வொரு படியும் ஏன் செல்லும் என்று விளக்கப் பழகுவதைத்தான் நான் நிரூபணப் பயிற்சி என்கிறேன். பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் அது கைவராது.