பைரன் ஷயரின் பெயர் கவிஞருடையது அன்று

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடலோரத்தில் உள்ள பைரன் ஷயர் என்ற உள்ளாட்சிப் பகுதி, ஆங்கிலக் கவிஞர் பைரனின் பெயரைத் தாங்கியது என்றும், அதன் நிர்வாகம் பைரன் பே நகரில் நடக்கிறது என்றும் பரவும் தகவல்கள் இரண்டுமே தவறானவை. 1770 மே மாதம் ஜேம்ஸ் குக் அங்குள்ள நிலமுனைக்குப் பைரன் முனை எனப் பெயரிட்டபோது கவிஞர் பிறக்கவே இல்லை. அவர் பிறந்தது 1788-இல். குக் சிறப்பித்தது, டால்ஃபின் கப்பலில் உலகைச் சுற்றிவந்த கடற்படை அதிகாரி ஜான் பைரனை; அவர் கவிஞரின் பாட்டனார் என்பதே குழப்பத்தின் வேர். கீட்ஸ், டென்னிசன் என ஆங்கிலக் கவிஞர்களின் பெயர் தாங்கிய தெருப் பலகைகளைப் பைரன் பே நகரில் பார்ப்பவர்கள் அவ்வாறு நம்பிவிடுவது இயல்பே. ஆனால், அப்பகுதியின் பூர்வகுடிகளான அராக்வால் மக்கள் அவ்விடத்துக்கு வழங்கிய காவன்பா என்ற பழம்பெயரை இந்தக் கதை மறைத்துவிடுவது வருத்தத்துக்குரியது. 1906-இல் உருவான இந்த ஷயரின் மன்றத் தலைமையகம், கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் முல்லும்பிம்பி என்ற ஊரில் இயங்குகிறது.