செப்டம்பர் சால்மனும் காற்றின் திசையும்

கனடா–அமெரிக்க எல்லையிலுள்ள ஒன்டாரியோ ஏரியில் செப்டம்பர் மாதம் சினூக் சால்மன் என்ற பெரிய மீனைப் பிடிக்க விடியற்காலையில் கரைக்குச் சென்றாலே போதும் என்று சால்மன் மீன்பிடிப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியுள்ளார். காற்றையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மேற்குக் காற்று ஓரிரு நாள் விடாமல் வீசினால், வடகரையோரத்து வெதுவெதுப்பான மேல்நீர் ஏரியின் உட்புறம் தள்ளப்பட்டு, அடியிலுள்ள குளிர்நீர் மேலெழுவதால், குளிர்நீரை நாடி ஆழத்தில் கிடந்த மீன்கள், வடகரை ஊரான போர்ட் ஹோப் போன்ற இடங்களில் ஆற்றுமுகத்துக்கு மிக அருகே வந்துவிடுகின்றன. முட்டையிடும் இப்பருவத்தில் அவற்றின் வெள்ளி நிறம் மங்கிப் பழுப்பேறி, ஆண் மீனின் தாடை கொக்கிபோல் வளைந்திருக்கும். இரை தேடுவதையே ஏறக்குறைய நிறுத்திவிடும் அவை, பளபளக்கும் ஸ்பூனை (கரண்டி வடிவ உலோகத் தூண்டில் பொறியை)ச் சினத்தால்தான் கவ்வுகின்றன என்பது என் எண்ணம். கவ்வவில்லை என்பதற்காக மீனின் உடலில் தூண்டில் முள்ளை மாட்டி இழுப்பது சட்டப்படி குற்றம். முட்டையிட, போர்ட் ஹோப்பில் ஏரியில் கலக்கும் கனராஸ்கா ஆற்றில் ஏறவிருக்கும் மீனுக்கு அது பெருங்கொடுமை. இதையும் கட்டுரையில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.