வீணாகப் போன 611 படங்கள்

கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பரப்புக்கு மேலே கருப்பு வெள்ளை மீன்கொத்தி சிறகடித்தபடி அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பதை இப்பக்கத்து நண்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து அது தலைகுப்புற நீரில் பாயும் நொடியைப் பிடிப்பதற்காக இந்தக் குளிர்காலத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கரையில் உட்கார்ந்து 612 படங்கள் எடுத்தேன். அவற்றுள் தேறியது ஒன்று. இதைக் கேட்ட சக புகைப்படக்காரர் ஒருவர், "அவ்வளவு சுட்டால் யாருக்குத்தான் ஒன்று விழாது?" என்றார். அப்போது சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கான பதிலை நிதானமாக எழுதலாம் என்று தோன்றுகிறது.

பாலக்கோட்டில் சிறியதொரு ஸ்டுடியோ நடத்துகிறேன். வயிற்றுப்பாடு கல்யாணப் படங்களில்தான். ஒரு ஃபிலிம் சுருளுக்கு 36 படங்கள் என்ற காலத்தில் தொழில் பழகியவன். தாலி கட்டும் நொடி தவறினால் மறுபடி கட்டச் சொல்ல முடியாது. அதனால் வெளிச்சம், தூரம், ஃப்ளாஷ் எல்லாம் உறுதியாக இருந்தாலொழிய விரல் அழுந்தாது. தேவையான அந்தப் பயத்தைக் காட்டுக்கும் எடுத்துச் சென்றதுதான் நான் பல ஆண்டுகள் செய்த தவறு. டிஜிட்டல் கேமரா கைக்கு வந்த பிறகும், பொழுது சாய்ந்தால் பையைக் கட்டிவிடுவேன். கிளைக்குள் மறைந்த பறவையை விட்டுவிடுவேன். சுருளுக்கும் கழுவுவதற்கும் காசு கொடுத்த கை, காசு கேட்காத கருவியிலும் சிக்கனம் பார்த்தது. ஃபிலிம் காலத்திலேயே பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே கேமரா அமைத்துக்கொண்டு கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த மா. கிருஷ்ணனை நினைத்தால், கையில் நல்ல கருவியை வைத்துக்கொண்டு நான் காட்டிய தயக்கம் வெட்கமாகவே இருக்கிறது.

மீன்கொத்திக்கு வருகிறேன். அது வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், 1/500 வினாடி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/2000 வைத்தாலும் அரை சென்டிமீட்டர். என்னுடைய 400 மி.மீ. லென்ஸில் இருபது மீட்டர் தொலைவில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ அரை மீட்டர்தான். பறவை பாய்ந்ததும் ஃபோகஸ் அதை விட்டுவிட்டு நீரின் அலையைப் பற்றிக்கொள்ளும். போதாக்குறைக்கு வெள்ளை இறகு வெயிலில் வெளுத்துப்போகும். அதற்குப் பயந்து வெளிச்சத்தைக் குறைத்தால் கறுப்புப் பட்டைக்குள் இருக்கும் கறுப்புக் கண் காணாமல் போகும். முதல் ஞாயிறு அது அந்தரத்தில் நின்றதுமே பொத்தானை அழுத்திவிட்டேன். ரா (raw) எனப்படும், சென்சார் பதிவை அப்படியே வைத்திருக்கும் பெரிய கோப்புகளாக வினாடிக்குப் பத்து வீதம் எடுத்ததில் இரண்டே வினாடியில் கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பிவிட்டது. பறவை பாய்ந்தபோது கேமரா மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் பிடிபட்டது: பாய்வதற்குச் சற்று முன் சிறகடிப்பு நின்று, சிறகுகள் உடலோடு ஒட்டத் தொடங்குகின்றன. அழுத்த வேண்டிய நேரம் அது. வீணான படங்களை வரிசையாக வைத்துப் பார்த்திராவிட்டால் இது எனக்குத் தெரிந்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டதாகச் சொன்ன நண்பர் இந்த இடத்தைச் சற்று யோசிக்க வேண்டும்.

ஒகேனக்கல் பக்கம் காவிரிக் கரை மருத மரங்களில் வாழும் சாம்பல் நிற மலை அணில் இன்னொரு வகைச் சோதனை. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988ல் சரணாலயம் அமைத்ததே இந்த அணிலுக்காகத்தான். நம் தருமபுரி மாவட்டத்துக் காவிரிக் கரையிலும் அது இருப்பது நம்மவர்களுள் பலருக்குத் தெரியாது. உச்சிக் கிளையில், பின்னால் வெள்ளை வானம் இருக்க, இலைகளுக்கு நடுவே அது உட்கார்ந்திருக்கும். கேமரா சொல்லும் கணக்குப்படி எடுத்தால் கரிக்கட்டைதான் கிடைக்கும். வானம் முழுதும் வெந்து வெளுத்தாலும் போகட்டும் என்று வெளிச்ச அளவை இரண்டு படி கூட்டி, 1/60 வேகத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு கையிலேயே எடுத்தேன். நாற்பதில் ஒன்றில், முகம் கலங்கியிருந்தாலும், தொங்கும் வாலின் நரைமயிர் ஒவ்வொன்றும் தெரிகிறது. போட்டிக்கு அனுப்பக்கூடிய படமன்று. ஆனால் தேதியும் இடமும் சேர்ந்தால், இந்த மரத்தில் இந்த விலங்கு இருந்தது என்பதற்கு அது சாட்சி. ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) 12,800க்கு ஏற்றியதால் புள்ளிப்புள்ளியாக வரும் அந்தி நேரத்து நீர்நாய்ப் படத்துக்கும் அந்த மதிப்பு உண்டு. அழகு குறைந்த படங்களை அழித்துவிடுகிறவர்கள் சாட்சியையும் சேர்த்து அழிக்கிறார்கள்.

அழிப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துக் களத்திலேயே அழிக்காதீர்கள். ஃபிலிம் காலத்தில் எந்த வேகத்தில், லென்ஸின் எந்தத் துளையளவில் எடுத்தோம் என்பதைச் சட்டைப்பை நோட்டில் எழுதி வைத்தால்தான் உண்டு. இன்று ஒவ்வொரு கோப்புக்குள்ளும் அந்தக் கணக்கு தானாகப் பதிகிறது. வீட்டில் பெரிய திரையில் அதைப் பார்த்தால், படம் கை நடுங்கியதால் கெட்டதா, பறவை நகர்ந்ததால் கெட்டதா, ஃபோகஸ் பிசகியதா என்று பிரித்தறியலாம். செலவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஷட்டருக்கும் ஆயுள் உண்டு. 612 படங்களைச் சலித்தெடுத்த இரவுகளில் வீட்டில் வாங்கிய பேச்சு தனி.

இவ்வளவும் படம் கெட்டுப்போகும் துணிச்சலைப் பற்றித்தான். ஒளியிலும் வேகத்திலும் எவ்வளவு வேண்டுமானாலும் துணியலாம்; தூரத்தில் துணியக்கூடாது. பன்னார்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைகள் இறங்கும் ராகி அறுவடைக் காலத்தில், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் கேமராவும் கைபேசியுமாக அவற்றைத் துரத்தும் கூட்டத்தில் ஒருமுறை நானும் இருந்தேன். ஏரிக்கரைப் புதரில் நின்ற கூட்டத்தை நோக்கி, லென்ஸ் போதாதென்று முப்பதடி கூடுதலாக நடந்தேன். யானைகள் கலைந்து இரண்டாகப் பிரிந்து போயின. பரணில் காவலிருந்த முதியவர் இறங்கி வந்து, "தம்பி, நீ படத்தப் புடிச்சிகிட்டு ஊருக்குப் போயிருவ. கலஞ்ச சாமி ராத்திரி யாரு காட்டுல எறங்கும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தப்புதாங்க ஐயா" என்றதற்கு மேல் என்னிடம் சொல்லில்லை. அன்றைய படங்களுள் நல்லதும் ஒன்றிருந்தது. அதை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. கூட்டின் இலைகளை விலக்குவது, ஒலிபெருக்கியில் குரல் எழுப்பிப் பறவையை வரவழைப்பது, இரவில் ஆந்தையின் கண்ணில் ஃப்ளாஷ் அடிப்பது ஆகியவற்றையும் அந்த முப்பதடிக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

இப்பதிவோடு இணைத்திருப்பது 612ல் தேறிய படம். அலகின் நுனி நீரைத் தொட்டிருக்கிறது, முதல் துளி இன்னும் எழும்பவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் கண் சற்றுக் கலங்கித் தெரியும். ஃபோகஸ் கழுத்தில் விழுந்துவிட்டது. வருகிற ஞாயிறு அதிகாலை அதே கரையில் இருப்பேன். கேலி செய்த நண்பரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.