ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கியதா பெரிது?

மலேசியாவின் மலிவு விலை விமான நிறுவனமான ஏர் ஏசியாவைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதன் வெற்றிக்கு அதை வாங்கி நடத்திய டோனி பெர்னாண்டஸின் துணிச்சல்தான் காரணம் என்கிற தொனியில் கட்டுரை போகிறது. 2001இல் அந்த நிறுவனத்தை ஒரே ஒரு ரிங்கிட் (மலேசியப் பணம்) கொடுத்து வாங்கினார், சரி. கூடவே சுமார் 4 கோடி ரிங்கிட் கடனும் அவர் தலையில் ஏறியதே, அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை புரியும். கையில் இருந்தவை 2 போயிங் விமானங்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானங்களைக் குத்தகைக்கு எடுக்கும் வாடகை சரிந்திருந்த நேரம் அது. ஊரே பயந்து ஒதுங்கியபோது அவருக்கு அது வசதியாகப் போனது.

என்னைக் கேட்டால் கவனிக்க வேண்டியது அந்த 25 நிமிடம். இறங்கிய விமானம் ஆட்களை இறக்கி, குப்பையை அள்ளி, அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தரையில் நிற்கும் விமானம் ஒரு காசு சம்பாதிக்காது. பின்னாளில் ஏர்பஸ் ஏ320க்கு மாறினார்கள். எல்லாம் ஒரே ரகம் என்பதால் விமானி, மெக்கானிக், உதிரிபாகம் என எல்லாச் செலவும் குறையும்.

மீதி லாபம் பெட்டியிலும் சாப்பாட்டிலும். திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூர் வரிசையைப் பாருங்கள். யாராவது பெட்டியைத் திறந்து போட்டு, முறுக்குப் பொட்டலத்தை இந்தப் பைக்கும் அந்தப் பைக்கும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். கைப்பைக்கு 7 கிலோதான். மேலே போனதும் நாசி லெமாக்கும் (மலேசியத் தேங்காய்ப்பால் சோறு) காசுக்குத்தான். இந்தச் சில்லறை வரவு இல்லாமல் அந்த டிக்கெட் விலை கட்டுப்படியாகாது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.