அப்டேட் போட்டாலே டச்பேட் காலி

ஒவ்வொரு விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறமும் இந்த டச்பேடோட மல்லுக்கட்டணுமா? நேத்து வரைக்கும் ரெண்டு விரல்ல ஒழுங்கா ஸ்க்ரோல் ஆச்சு. இன்னிக்கு கர்சர் அசையவே மாட்டேங்குது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தா, லேப்டாப்போட வந்த டச்பேட் டிரைவரை (அதை இயக்குற சாஃப்ட்வேரை) தூக்கிட்டுப் பொதுவான டிரைவர் ஒண்ணு உட்கார்ந்திருக்கு. யாரைக் கேட்டு மாத்துனாங்க? பழசுக்கே திரும்பலாம்னா 'ரோல் பேக்' பட்டன் மங்கிக் கிடக்கு. செட்டிங்ஸ்ல போய் டச்பேடை ஆன் பண்ணணுமாம்! கர்சரே இல்லாம எப்படிப் போறது? டேப் கீயைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பெட்டியா நகரணும். சரி, உயிர் வந்துச்சு. சென்சிட்டிவிட்டியைக் கூட்டினா, டைப் பண்றப்போ உள்ளங்கை பட்டு கர்சர் தாவி, பாதி வார்த்தை மேல் பத்தியில போய் விழுது. குறைச்சா தட்டுனாலும் கிளிக் ஆகல. சோதிச்சுப் பார்க்காம ஏன்யா அனுப்புறீங்க? நல்லா ஓடுறதை அப்படியே விட்டா என்ன கெட்டுப்போச்சு?